பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

அப்பா யாரிடமாவது ஒன்றைச் சொன்னால், அவர்கள் 'ம்' என்று சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாசற்படியில் நிற்பார். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். வேண்டுமென்றே வாயைத் திறக்கமாட்டாள். அப்பா மறுபடி சொல்வார்.

"கேட்டுச்சு சாமி. பக்கத்து வீட்டுக்காரியே எந்திரிச்சுப் போய் அவ பாலைப் பார்த்துட்டு வந்துட்டா."

அதற்குப் பிறகும் ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுமையுமாக நிற்பார். 'ம்' வர வேண்டும். வந்தால்தான் அடுத்த செருப்பு.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். பெரியவர்களின் வழக்கமான நச்சரிப்பு என்று நினைத்திருந்தேன். அம்மா மட்டும் ஒருமுறை சொன்னாள்: "கல்யாணம் ஆன புதுசுல இப்படி இல்லடி. சொல்ல வேண்டியதையே சொல்லாம போற மனுஷன். நடுவுலதான் இந்த வியாதி வந்துச்சு." எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த வருடங்களில் பெரிய பெரிய கேள்விகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒற்றைச் செருப்போடு நின்றவரைப் பற்றி ஒரு கேள்வியும் தோன்றவில்லை.

அப்பா வாள்சண்டைப் படங்களில் வேலை பார்த்தார். திரையில் அவர் முகம் வந்ததில்லை. அவர் செய்த வேலைக்குச் சரியான பெயரும் கிடையாது. செட்டில் எல்லாரும் 'கணக்கு' என்று கூப்பிட்டார்கள். ஒரு வாள்சண்டையில் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு எண் உண்டு. ஒன்று, தலைக்கு மேலே வெட்டு; எதிராளி தடுப்பான். இரண்டு, இடது விலா. மூன்று, கால், எதிராளி துள்ளுவான். இப்படி இருபது, முப்பது வரை போகும். சண்டைச் சத்தம் எல்லாம் பிறகுதான் சேர்ப்பார்கள் என்பதால் படம் எடுக்கும்போது யார் வேண்டுமானாலும் கத்தலாம். அப்பா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எண்களைக் கத்துவார். தியேட்டரில் வாளும் வாளும் மோதுகிற சத்தம் கேட்கிற ஒவ்வொரு இடத்திலும், உண்மையில் ஒலித்தது அவருடைய கரகரத்த குரல்தான்.

இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். செட் போடுகிற தச்சர்களுக்குப் பலகை தூக்கத்தான் முதலில் ஸ்டுடியோவுக்குள் போனார். ஒருநாள் ஒத்திகையில் ஒரு சண்டைக்காரர் எட்டாவது வீச்சை மறந்து முழித்தபோது, தோளில் பலகையோடு நின்ற அப்பா, "வலது தோள்" என்றாராம். சண்டை மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "டேய் பலகை, அதைக் கீழ வச்சுட்டு இங்க வா" என்றார். அன்றோடு பலகை போய்க் கணக்கு வந்தது.

அவருக்கு வாள்சண்டை பற்றித் தீர்மானமான அபிப்பிராயங்கள் இருந்தன. காது கேட்காத ஒருவன் பார்த்தாலும், யார் பயப்படுகிறான், யார் எதற்காக வெட்டுகிறான் என்று புரிய வேண்டும் என்பார். "சும்மா டிங்கு டிங்குன்னு மோதிக்கிட்டே இருந்தா அது பாத்திரக்கடை. அடிக்கு நடுவுல கதை நடக்கணும். ஆனா கதை நடக்குதேன்னு கையைத் தொங்கவிட்டு நின்னா அடி விழும்." டைரக்டர்கள் கதையின் பக்கம் இழுப்பார்கள், சண்டைக்காரர்கள் வேகத்தின் பக்கம் இழுப்பார்கள், நடுவில் எண்ணிக்கொண்டு நிற்பது தன் வேலை என்பார். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வீட்ல ஒரு எலியை அடிக்கத் துப்பில்ல, அங்க போய் நூறு பேரை வெட்டச் சொல்லிக் குடுக்கிறாரு" என்று முடித்துவிடுவாள்.

அவருடைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். குருவி என்று பெயர். உயரத்திலிருந்து குதித்தால் தரையில் சத்தமே வராது என்பதால் வந்த பெயர். கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டு போனவர்கள். எனக்கு அவர் சித்தப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு படப்பிடிப்பில் வாள்முனை பட்டு அவருடைய வலது கண் போய்விட்டது. எண்ணிக்கையைத் தவறவிட்டார் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஒரு மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. அப்பா அங்கே போவது நின்றே போனது.

கல்லூரியில் மூன்றாம் வருடம், ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பை நாமே எடுத்துக்கொள்ளலாம். வாள்சண்டைப் படங்களில் சண்டை எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று எழுதினேன். அப்பாவின் தொழிலைப் பற்றி வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட எனக்கு, அதைப் பற்றிப் புத்தகமொழியில் எழுதலாம் என்று தெரிந்தபோது ஒரு துணிச்சல் வந்தது. அவர் வேலை செய்த பழைய படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒரு காட்சி பேர்போனது. தன் வீட்டைக் கொளுத்திய படைவீரனோடு கதாநாயகன் சண்டை போடுகிறான். வீரனின் முகம் கண்களைத் தவிர முழுவதும் துணியால் சுற்றப்பட்டிருக்கிறது. வீச்சுமேல் வீச்சு. திடீரென்று கதாநாயகன் வாளை ஓங்கியபடியே நின்றுவிடுகிறான். எதிரே வீரன் தலையைக் குனிகிறான். கதாநாயகன் அவனைப் பார்க்கிறான். வீரன் நிமிர்கிறான். வாள் இறங்குகிறது.

நான் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். 'பெயர் தெரியாத அந்த நடிகர் தலையைக் குனியும் அந்த ஒரு நொடியில், இருபது நிமிட வசனம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறார். அது சரணாகதி. சண்டைக்குள் கதை நுழையும் வாசல் அதுதான்.' பேராசிரியர் அந்த வரியின் கீழே கோடு போட்டு, நன்று என்று எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்து, மர வாள்களில் உரிந்துபோன வெள்ளித்தாளைச் சுரண்டிப் புதுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். தூரக் காட்சிக்கு மரம், கிட்டத்துக்கு அலுமினியம், முகத்தோடு சேர்த்து எடுத்தால் மட்டும் முனை மழுக்கிய இரும்பு. முதலில் பெருமையாகத்தான் கேட்டார். படத்தின் பெயரைச் சொன்னதும் சுரண்டுவது நின்றது. நான் படித்து முடித்தேன்.

"இன்னொரு தடவை படி. அந்தக் குனியற இடம்."

படித்தேன்.

"அது சரணாகதி இல்லம்மா," என்றார். "அது பன்னிரண்டு."

எனக்குப் புரியவில்லை.

"பன்னிரண்டாவது வீச்சு. கழுத்துக்கு நேரா வாள் வரும், அவன் குனியணும். வாள் மேல போனதும் பதிமூணுல நிமிரணும். அவன் கணக்குப்படி குனிஞ்சான். கணக்குப்படி நிமிர்ந்தான். அது குருவி."

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அன்று மாஸ்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார். முதல் தடவையாகச் சண்டை முழுவதும் அப்பாவின் பொறுப்பில் இருந்தது. சரியாக நடந்தால் உதவி மாஸ்டர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை எடுத்தும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. கதாநாயகனும் முணுமுணுத்தார். எண்ணைக் கேட்டுக்கொண்டே வெட்டினால் முகத்தில் பாவம் வரவில்லை என்றார். எனவே டைரக்டர் அப்பாவிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இந்தத் தடவை எண்களைக் கத்தக் கூடாது, இருவரும் மனசுக்குள் எண்ணிக்கொள்ளட்டும். இரண்டு, பதினொன்று முடிந்ததும் கதாநாயகன் இரண்டு எண்ணிக்கை நின்று எதிரியைப் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டுவார். "உங்க ஆள்கிட்ட சொல்லிடுங்க."

அப்பா குருவியிடம் போனார். முகத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோளில் கை வைத்து, "இந்த தடவை சத்தம் குடுக்கமாட்டேன், நீயே எண்ணிக்கோ" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"மறந்துட்டீங்களா அப்பா?"

அவர் விரல் நுனியில் ஒட்டிய வெள்ளித்தாளை உரித்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றே எதிர்பார்த்தேன்.

"மறக்கல. சொன்னா அவன் ஒத்திகை கேப்பான். சத்தமும் இல்லாம, கணக்கும் மாறி, ஒத்திகை இல்லாம எவனும் ஆடமாட்டான். ஒத்திகை பார்த்தா வெளிச்சம் போயிடும். ரெண்டு எண்ணிக்கைதானே, கண்ணால பார்த்து சமாளிச்சுக்குவான்னு நினைச்சேன். குனிஞ்சா தரையைத்தான் பார்ப்பான்னு எனக்குத் தோணல. எனக்கே தோணல. அத்தனை வருஷம் கணக்கு சொன்னவனுக்கு."

குருவி பன்னிரண்டில் குனிந்தார். மேலே வாள் போகவில்லை. பதிமூன்றில் நிமிர்ந்தார். பதினான்கில் வந்தது.

வெளிச்சம் இருந்தது. காட்சி நன்றாக வந்தது. டைரக்டர் அதை அப்படியே படத்தில் வைத்தார்.

சண்டைக்காரர்கள் சங்கத்தில் விசாரித்தார்கள். செயலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: நிறுத்தம் பற்றி அவனிடம் முன்கூட்டியே சொன்னாயா. அப்பா, "சொன்னேன்" என்றார். ஆஸ்பத்திரியில் குருவியிடமும் கேட்டார்கள். "எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா சொல்லியிருப்பான். கணக்கு சொல்லாம இருக்கமாட்டான்" என்றாராம். அதோடு விசாரணை முடிந்தது. சொல்லியும் கவனிக்காத குற்றத்துக்காகக் குருவியின் உறுப்பினர் அட்டை ரத்தானது, சங்க உதவியும் கிடையாது. எண்ணிக்கையைத் தவறவிடுகிறவன் அந்தத் தொழிலில் தொற்றுநோய்க்காரன் மாதிரி. யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள். அப்பா உதவி மாஸ்டர் ஆனார்.

நான் படித்தது அந்தச் சம்பளத்தில். இதைக் கட்டுரையில் எங்கே சேர்ப்பது என்று எந்தப் பேராசிரியரிடம் கேட்பது.

"சித்தப்பாகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றேன்.

"சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொன்னேன்ல." எழுந்து போய்விட்டார். அன்று என் 'ம்'முக்காக அவர் நிற்கவில்லை.

இரண்டு வாரம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில், நீயும் வா என்றார். தனியாகப் போனால் வாய் வராது என்பதாக நான் புரிந்துகொண்டேன். மெத்தைக் கடை ஒரு நீளமான ஒற்றை அறை. பஞ்சுத் தூசு வெளிச்சத்தில் மிதந்தது. சித்தப்பா பெரிய ஊசியோடு மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா கணக்கு. என்ன, வழி தவறிட்டியா?"

"மெத்தை வாங்கலாம்னு வந்தேன்."

"உனக்கெதுக்கு? நீ தூங்குற ஆளா? பஞ்சுக்குப் புடிச்ச கேடு." என்னைப் பார்க்க அவர் முகத்தை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. "பாப்பாவா இது? டிகிரி முடிக்கப் போறாளாமே. நல்லா படிம்மா. நம்ம கூட்டத்துல ஒருத்தராவது அடி வாங்காம சம்பாதிக்கட்டும்."

டீ வந்தது. சித்தப்பா கையை நீட்டினார். கை தம்ளருக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே மூடிக்கொண்டது. பிறகு மேசையோடு கையை நகர்த்தி, தம்ளர் விரலில் தட்டியதும் பிடித்துக்கொண்டார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. இருபது வருடமாக அப்படித்தான் டீ குடிக்கிறார் என்று, அதைச் செய்த விதத்திலேயே தெரிந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்துப்போன மாஸ்டரைப் பற்றிப் பேசினார்கள். ஒரு குதிரை அப்பாவின் தலைப்பாகையைத் தின்றதைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். நான் காத்திருந்தேன். பிறகு சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் கணக்கு. அன்னைக்கு நீ வந்து சொன்னப்போ, நான் 'ம்'னு சொன்னேனா?"

"இப்ப எதுக்குடா அது?"

"சும்மாதான். துணி கட்டிக்கிட்டு இருந்தாங்க. நீ தோள்ல கை வச்சது ஞாபகம் இருக்கு. சத்தம் குடுக்கமாட்டேன்னு சொன்னது இருக்கு. நிறுத்தத்தைப் பத்திச் சொன்னது மட்டும் இல்ல. எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன், வரமாட்டேங்குது. அன்னையிலேருந்து எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லப்பா. கடையைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பாக்குறேன். பாதி வழியில திரும்பி வந்தும் பாக்குறேன். வீட்ல சிரிக்கிறாங்க."

அப்பா நிமிர்ந்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சொன்ன," என்றார்.

"என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்ன."

சித்தப்பா நீளமாக மூச்சு விட்டார். "அப்ப சரி," என்றார். "அப்ப என் தப்புதான்." ஊசியை எடுத்துக்கொண்டார்.

நான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் கேட்கிற தூரத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் மரியாதையைக் காப்பாற்ற என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிட, இன்னும் எழுத வேண்டிய கடைசித் தேர்வுகளும் அதற்கான கட்டணமும் நினைவில் இருந்ததா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏம்பா?" என்றேன்.

"அவன் நிம்மதியாயிட்டான், பார்த்தல்ல."

"அது நிம்மதியா?"

"அடுத்த தடவை," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த தடவை இரண்டு வருடம் கழித்து வந்தது. அப்பாவுக்கு இதயம் வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பத்தாவது நாள் காலை, "குருவியை வரச்சொல்லு, ஒண்ணு சொல்லணும்" என்றார். போன் செய்தேன். மத்தியானம் சித்தப்பா கடையிலிருந்து அப்படியே வந்தார், தலையில் பஞ்சோடு. நான் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். வராந்தாவில் ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். இருபது நிமிடம் இருக்கும். உள்ளிருந்து குரல் உயர்ந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். உயரவில்லை.

சித்தப்பா வெளியே வந்தார்.

"என்ன சொன்னாரு சித்தப்பா?"

"என்னமோ சொல்லணும்னு கூப்பிட்டானாம். நானும் உக்காந்தேன், உக்காந்தேன். கடைசியில, இந்த சட்டை உனக்கு நல்லா இருக்குன்னான்." சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "பழைய சட்டைம்மா இது."

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அப்பா இறந்துபோனார். அவரை எடுத்துக்கொண்டு போனபோது சித்தப்பாதான் முன்னால் தோள் கொடுத்தார். படிக்கட்டில் இறங்கும்போது அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவித் துழாவி இறங்கினார்.

ஒரு மாதம் கழித்து நான் தனியாக மெத்தைக் கடைக்குப் போனேன். அப்பா என்னிடம் சொன்னதை, வரிசை மாறாமல் சொன்னேன். சித்தப்பா தைப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் ஒரு முழ நீளம் தைத்தார்.

"இதை எப்ப உன்கிட்ட சொன்னான்?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப, நீங்க ரெண்டு பேரும் இங்க வந்தீங்களே, அதுக்கு முன்னாடியா?"

"ம்," என்றேன்.

ஊசி நின்றது. "நான் கேட்டேனேம்மா. 'ம்' சொன்னேனான்னு கேட்டேனே. நீயும் இங்கதானே நின்ன."

மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"நீ கேட்டு நான் என்ன பண்றது," என்றார். அவர் குரலில் கோபம் கூட இல்லை. "அவன் சொல்லியிருந்தா இழுத்துப் போட்டு நாலு அறை விட்டிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அழுதிருப்போம். உன்னை அறைய முடியுமா? செத்தவனைத்தான் அறைய முடியுமா? வீட்டுக்குப் போம்மா."

சங்கத்துக்கு எழுதினேன். என்னால் செய்ய முடிந்தது எழுத்துதான். நடந்ததை நான்கு பக்கத்தில் எழுதி, பழைய முடிவை மாற்றி சித்தப்பாவின் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். நல்ல கடிதம் என்றே இப்போதும் நினைக்கிறேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இப்போதைய செயலாளர் மரியாதையாகவே எழுதியிருந்தார். அப்பாவின் சேவையைப் பாராட்டி ஒரு பத்தி. பிறகு, விசாரணையில் தரப்பட்ட வாக்குமூலத்தை, அதைத் தந்தவரே நேரில் வந்து திருத்தினால் மட்டுமே முடிவை மறுபரிசீலனை செய்ய விதிகளில் இடமுண்டு என்று இரண்டு வரி.